வழவழப்பில்லாத குரலும் வழுவாத சொல்லும்

மாரியம்மன் பண்டிகைக்குப் பூச்சாட்டு நடந்துவிட்டால் நாமக்கல் சீமையில் உள்ள வெண்ணந்தூரில் விடியலை அறிவிப்பது மைக் செட்டுதான். கம்பத்தில் கட்டிய கூம்புக் குழாயில் கே.பி. சுந்தராம்பாள் குரலெடுப்பார், அவருக்குப் பின்னே எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் வரிசை கட்டும். தறி ஓடும் தெருக்களைக் கடந்து, ஊருக்கு வெளியே காட்டில் களை எடுப்பவர் காதுக்கும் பாட்டின் சொற்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும்.

தேன்குரல், குயில்குரல் என்று நாம் புகழும் வகையில் இந்த இரண்டு குரல்களும் அடங்குவதில்லை. ஒன்று உச்சிக்கு ஏறி நின்று முழங்கும் கணீர்க்குரல். மற்றொன்று கரகரப்பும் அதட்டலும் துள்ளலும் கலந்தது. ஆனாலும் பாட்டின் சொல்லைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து சேர்ப்பவை இவைதாம். அது ஏன் என்று கேட்டுப் பார்த்தால், தொண்டையின் இயற்பியல், காதின் அமைப்பு, தமிழ் யாப்பு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன.

ஏட்டுக்கு முன்பே இருந்த ஓசை

2016-ல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தபோது, பாட்டு வரிகளைக் கவிதை என்று கொள்ளலாமா என்ற வாதம் உலகெங்கும் எழுந்தது. மூக்கால் ஒலிக்கும், மணல் உரசுவது போன்ற அவருடைய குரலைப் பற்றியும் பழைய சர்ச்சை ஒன்று உண்டு. பரிசையொட்டி 2017-ல் அவர் வெளியிட்ட உரையில், பாடல்கள் படிப்பதற்காக உண்டானவை அல்ல, பாடுவதற்காக உண்டானவை என்றே சொன்னார்.

தமிழ் இந்த வாதத்துக்குள் நுழையத் தேவையே இருந்ததில்லை. 70 பாடல்களைக் கொண்டிருந்ததாகச் சொல்லப்படும் பரிபாடலில் இன்று முழுமையாக நமக்குக் கிடைப்பவை 22. அவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் பாடிய புலவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டிருக்கின்றன. சொல்லுக்கு ஒருவர், இசைக்கு ஒருவர் என்று இருவருக்கும் சமமாக இடம் கொடுத்த ஏடு அது. தேவாரத் திருமுறைகள் பண்முறையில் தொகுக்கப்பட்டவை. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று நம் இலக்கணம் பாவையே ஓசையை வைத்து வகுத்தது.

அந்த ஓசைக்கு அடிப்படை அலகு மாத்திரை. இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் அதற்கு அளவு சொல்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. பேச்சைப் பதிவு செய்து கருவியில் அளந்தாலும் தமிழ் நெடில் குறிலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீள்வதைக் காணலாம். கல்லும் காலும், பல்லும் பாலும், மலையும் மாலையும் வேறுபடுவது முதன்மையாக இந்தக் கால அளவில்தான்.

பாட்டு என்று வந்துவிட்டால் இந்த அளவு ஆபத்துக்குள்ளாகிறது. ராகத்தின் தேவைக்காக ஒரு குறிலை இரண்டு விநாடி இழுத்தால் மலை மாலையாகிவிடும். நல்ல மெட்டு நெடில் வரும் இடத்தில் கார்வை வைப்பதும், தேர்ந்த பாடலாசிரியர் மெட்டின் தத்தகாரத்தைக் கேட்டு, நீளும் இடத்தில் நெடிலையும் வெட்டும் இடத்தில் வல்லின மெய்யையும் வைப்பதும் இதனால்தான். எழுத்தறியாத தாய்மாரும் இதை அறிந்திருக்கிறார்கள். தாலாட்டில் இழுப்பு முழுவதும் ஆராரோவில் விழும். மாமன் சீரும் அத்தை கொண்டுவந்த பாலும் வரும் சொற்கள் பேச்சின் வேகத்திலேயே வந்துவிடும்.

மைக் இல்லாத மேடை

கொடுமுடி காவிரிக்கரை ஊர்; மூவர் தேவாரமும் பெற்ற தலம். 1908-ல் அங்கே பிறந்த சுந்தராம்பாள் வறுமையில் வளர்ந்தவர். சிறுமியாக ரயிலில் பாடிப் பிழைத்த குரலை நாடகக் குழு ஒன்று கண்டெடுத்தது. 1920-களில் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் அவர் நடித்த காலம், மேடையில் ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும். வெறும் ஓசையாகக் கேட்டால் போதாது, கதை புரிய வேண்டும்.

அது எவ்வளவு பெரிய வேலை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தடையில்லாத வெளியில் தொலைவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. பாடுபவரிடமிருந்து 1 மீட்டரில் இருப்பவருக்கும் 64 மீட்டரில் இருப்பவருக்கும் இடையே ஆறு இருமடங்குகள். அதாவது 36 டெசிபல் இழப்பு. கூடவே ஆர்மோனியமும் மிருதங்கமும் கூட்டத்தின் சலசலப்பும் குறுக்கே நிற்கின்றன. தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவதால் மட்டும் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

ஈடுகட்டும் வழி குரலின் நிறத்தில் இருக்கிறது. குரல் நாண்கள் அதிரும்போது ஓர் அதிர்வெண் மட்டும் பிறப்பதில்லை. அதன் இருமடங்கு, மும்மடங்கு என்று மேல்நோக்கி அடுக்கடுக்காக அதிர்வுகள் கிளம்புகின்றன. தொண்டையும் வாயும் சேர்ந்த குழல் அவற்றில் சிலவற்றைத் தூக்கிவிடுகிறது, சிலவற்றை அமுக்குகிறது. குரல்வளைக்குச் சற்று மேலே உள்ள வாயிலைக் குறுக்கிப் பாடினால் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி ஓங்கி எழும். மேற்கத்திய ஆபரா பாடகர்களிடம் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி இப்படி ஒரு மேடு இருப்பதை ஸ்வீடன் அறிவியலாளர் யோஹான் சுண்ட்பெர்க் 1970-களில் விளக்கினார். வாத்தியக் குழுவின் வலிமை பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை ஒட்டியே இருப்பதால், 3,000-த்தில் குரலுக்குப் போட்டி குறைவு.

அந்த இடம் காதுக்கும் உகந்த இடம். நம் செவிக்குழாயின் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர். ஒரு முனை திறந்து மறுமுனை செவிப்பறையால் மூடிய இந்தக் குழல் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தானே பெருக்கிக்கொள்கிறது. சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் அடையாளங்கள் பலவும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் கிடக்கின்றன. மைக் இல்லாத மேடையில் தேறிய குரல்கள் அந்தக் குறுகிய வாசலைத் தேடிக் கண்டுபிடித்த குரல்கள். மெல்லிசைக்குப் பழகிய காதுக்கு அந்தக் கூர்மை உறுத்தலாகத் தோன்றலாம். சொல் பிழைத்ததே அந்தக் கூர்மையால்தான்.

இதில் ஒரு முரண் உண்டு. சுருதி ஏற ஏற உயிரெழுத்துகள் மங்கும். ஈ, ஊ ஆகியவற்றை அடையாளம் காட்டும் முதல் ஒத்ததிர்வு 300 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. ஆகாரத்துக்கு அது 800-ஐ நெருங்கும். ஒரு பெண் தாரஸ்தாயியில் 500 ஹெர்ட்ஸைத் தாண்டிப் பாடினால் ஈகாரமும் ஊகாரமும் தம் அடையாளத்தையே இழந்து ஆகாரத்தின் பக்கம் சாயத் தொடங்கும். உச்சத்தில் பாடும் ஆபராப் பாடகிகளின் சொல் விளங்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நம் மேடை மரபு இதற்கொரு வழி கண்டது. விருத்தம் பாடும்போது அடியை முதலில் நடுஸ்தாயியில் தெளிவாகச் சொல்லிவிட்டு, கேட்டவர் மனத்தில் சொல் பதிந்த பிறகே அதே சொல்லை மேலே தூக்கிச் செல்வார்கள். நீண்ட சஞ்சாரங்களை அகாரத்தில் வைப்பார்கள். சொல்லுக்கு ஒரு முறை, உணர்ச்சிக்கு ஒரு முறை என்று ஒரே அடி இருமுறை பிறக்கிறது. சுந்தராம்பாள் இதில் கரை கண்டவர். அவருடைய ழகரமும் றகரமும் உச்சத்திலும் தேய்வதில்லை.

நந்தனார் வேடத்தில் அவர் நடித்த படம் 1935-ல் வந்தபோது, ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பெற்றார் என்பது நாடே பேசிய செய்தி. அதைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுவது 1953-ல் ஜெமினி எடுத்த ஔவையார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுளாகச் சுருங்கிப்போன தனிப்பாடல்களும் நீதிப்பாடல்களும் அவர் தொண்டை வழியாக மறுபடி பாட்டாயின. 1964-ல் பூம்புகாரில் கவுந்தியடிகள், 1965-ல் திருவிளையாடலில் மீண்டும் ஔவை என்று அந்தக் குரலுக்கு அமைந்த வேடங்கள் எல்லாம் சொல்லால் வாழ்ந்தவர்களின் வேடங்களே. படிப்பறிவு இல்லாத லட்சக்கணக்கானோருக்குப் பழந்தமிழ்க் கவிதை நூலகத்திலிருந்து வரவில்லை, அந்தக் குரலிலிருந்து வந்தது.

கூம்புக் குழாயும் தறிச் சத்தமும்

மேடையில் தேறிய குரல் பின்னர் கூம்புக் குழாயிலும் தேறியது. கூம்பு ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளைத் தள்ளிவிடும்; சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒன்றும் மிஞ்சாது. மேலேயும் ஓர் எல்லையோடு நின்றுவிடும். நடுவில் உள்ள பகுதியைத்தான் அது ஓங்கி வீசும். கனத்த ஆண்குரலின் ஆழமும் மெல்லிய குரலின் மூச்சுக் கலப்பும் அதில் காணாமல் போகும். சுந்தராம்பாளின் வலிமை முழுக்க அந்த நடுப்பகுதியில் இருந்ததால், கருவி அவரிடமிருந்து பறித்தது மிகக் குறைவு.

வெண்ணந்தூரில் இன்னொரு சோதனையும் உண்டு. விசைத்தறிக் கூடத்தின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டக்கூடியது. அங்கே வேலை செய்பவர்கள் பேசும்போது குரல் தானாகவே உயர்கிறது. பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-ல் விவரித்த இயல்பு இது: இரைச்சலில் நிற்கும் மனிதர் தம்மை அறியாமலே சுருதியைக் கூட்டுகிறார், உயிரெழுத்தை நீட்டுகிறார், குரலின் வலிமையை மேல் அதிர்வெண்களுக்கு நகர்த்துகிறார். நாடக மேடை பயிற்சியால் கற்றதைத் தறிக்கூடம் அன்றாடப் பேச்சில் கற்றுக்கொடுக்கிறது. தறிக்காரர்கள் பேச்சை 'சத்தம் போட்டுப் பேசுகிறார்கள்' என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். இரைச்சலுக்கு நடுவே சொல்லைக் காப்பாற்ற உடல் கண்ட வழி அது.

கரகரப்பு செய்யும் வேலை

சொல்லும் மெட்டும் மூளைக்குள் எப்படிப் போகின்றன என்பதை 2020-ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. கனடாவில் பிலிப் அல்பூயி, ராபர்ட் சட்டோரே குழுவினர் பத்து வாக்கியங்களைப் பத்து மெட்டுகளில் பாட வைத்து நூறு சிறு பாடல்களை உருவாக்கினார்கள். ஒலியின் கால நுணுக்கத்தைக் கலைத்தபோது கேட்டவர்களுக்குச் சொல் போனது, மெட்டு நின்றது. அதிர்வெண் நுணுக்கத்தைக் கலைத்தபோது மெட்டு போனது, சொல் நின்றது. முன்னதை மூளையின் இடப்பக்கச் செவிப்பகுதியும் பின்னதை வலப்பக்கமும் கவனித்துக்கொண்டிருந்தன.

பாட்டு என்பது இரண்டு ஓடைகளாக நமக்குள் பாய்கிறது என்று இதற்குப் பொருள். ஒரே சீராக வழுக்கிச் செல்லும் குரல் மெட்டின் ஓடையை நிறைக்கிறது. எழுத்துக்கு எழுத்து இருக்கும் கால விளிம்புகள் அதில் மழுங்கிப்போகலாம். ஒவ்வொரு சொல்லையும் தட்டி எழுப்பி, வெட்டி, அழுத்தி நிறுத்தும் குரல் அந்த விளிம்புகளைக் கூராக வைத்திருக்கிறது.

கரகரப்புக்குக் கவனத்தை இழுக்கும் ஆற்றலும் உண்டு. 2015-ல் லூக் அர்னால், டேவிட் போப்பல் ஆகியோர் மனித அலறலை ஆராய்ந்தார்கள். பேச்சின் ஒலியளவு விநாடிக்கு நான்கைந்து முறை ஏறி இறங்குகிறது. அது அசைகளின் வேகம். அலறலிலோ விநாடிக்கு 30 முதல் 150 முறை ஒலி நடுங்குகிறது. அந்த நடுக்கம் மூளையில் அபாயத்தை உணரும் அமிக்டலாவைத் தூண்டுகிறது. பாடுபவர் தொண்டையை இறுக்கும்போது குரல் நாண்களுக்கு மேலுள்ள மடிப்புகளும் சேர்ந்து அதிர, இதே வகைச் சொரசொரப்பு ஒரு துளி குரலில் கலக்கிறது. உடனே கவனம் விழித்துக்கொள்கிறது.

எல்.ஆர். ஈஸ்வரி இந்தத் துளியை அளந்து கலக்கத் தெரிந்தவர். 1939-ல் கிறித்தவக் குடும்பத்தில் லூர்து மேரி ராஜேஸ்வரியாகப் பிறந்தவர். 1961-ன் பாசமலரால் வீடுதோறும் அறிமுகமானவர். திரையில் கதாநாயகியின் மென்மைக்கு ஒரு குரல் என்று ஒதுக்கி வைத்த காலத்தில், நடன விடுதிக் காட்சிகளும் குறும்புப் பாட்டுகளும் அவரிடம் வந்தன. அதே தொண்டையைத்தான் மாரியம்மனுக்கும் தமிழகம் தேர்ந்துகொண்டது. அதில் முரண் ஏதுமில்லை. காவல் தெய்வத்தை அழைக்கும் சொல்லுக்கு அதட்டலும் உரிமையும் வேண்டும். கொஞ்சிக் கேட்கும் குரலில் அந்த வரிகளை வைத்துப் பாருங்கள். பொருள் அப்படியே இருக்கும், அழைப்பு போய்விடும்.

ஒப்பாரியில் இது இன்னும் ஆழமாகப் போகிறது. மானிடவியலாளர் கிரெக் அர்பன் பிரேசில் பழங்குடியினரின் சாவுப் பாடல்களை ஆராய்ந்து 1988-ல் நான்கு அடையாளங்களைக் குறித்தார்: விம்மலில் முறியும் குரல், ஒலியோடு உள்ளிழுக்கும் மூச்சு, கிறீச்சிடும் தாழ்குரல், உடைந்து மேலே தாவும் உயிரொலி. கொங்கு நாட்டு இழவு வீட்டில் மாரடித்துப் பாடும் பெண்களிடமும் இவற்றைக் கேட்கலாம். கடல் கடந்த இரு நிலங்கள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே குரலை அடைந்திருக்கின்றன. ஒப்பாரியின் உவமைகளை அச்சில் படித்தால் அழகு தெரியும். அந்த முறிவோடு கேட்டால்தான், பாடுபவள் ஏன் அங்கே சொல்லை நிறுத்தினாள் என்பது தெரியும். மூச்சு முறியும் இடமே அங்கே அடி முடியும் இடம். யாப்பை வகுப்பது அழுகை.

கருவி மாற, வழக்கம் மாறும்

எந்தக் குரல் வழக்கமான குரல் என்பதைக் காலமும் கருவியுமே முடிவு செய்கின்றன. டி.ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியது 1935-ல். அங்கும் மற்ற ஸ்டுடியோக்களிலும் ஒலிவாங்கி பாடுபவரின் உதட்டருகே வந்ததும், கடைசி வரிசையை எட்ட வேண்டிய கட்டாயம் போயிற்று. ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீனிவாஸும் காதோடு பேசுவதுபோலப் பாட முடிந்தது. மருதகாசி போன்ற பாடலாசிரியர்கள் மென்மையான மெய்களையும் தணிந்த உணர்ச்சிகளையும் தைரியமாக எழுத அது வழிவிட்டது. அந்த மென்மை அன்றைக்குப் புதுமை; இருபது ஆண்டுகளில் அதுவே அளவுகோலாகி, மேடைக்குரல் பழசாயிற்று.

அதே ஒலிவாங்கியில் ஜே.பி. சந்திரபாபு வேறொன்றைச் செய்தார். குரல் நாண்கள் தடித்து அதிரும் நெஞ்சுக்குரலிலிருந்து, விளிம்பு மட்டும் மெலிந்து அதிரும் கள்ளக்குரலுக்கு ஒரே தாவலில் போவதும் திரும்புவதும் ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்களின் யோடலிங் முறை. பயின்ற பாடகர் அந்த ஒட்டுத் தெரியாமல் மறைக்கவே பல ஆண்டுகள் உழைப்பார். சந்திரபாபு அதை வெளிப்படையாகக் காட்டினார். வாழ்க்கையின் ஏமாற்றத்தைச் சொல்லும் வரியில் குரல் அப்படி உடைந்து தாவும்போது, சிரிப்பும் துக்கமும் ஒரே சொல்லில் நின்றன.

பாடத் தெரியாதவர்களின் பாட்டு

நாமக்கல் சீமை தந்த இன்னொரு சான்று, தனிக்குரலே இல்லாத பாட்டு. மோகனூரில் 1888-ல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை, 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்துக்காக நடைப்பாட்டு எழுதினார். ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த தொண்டர்கள் அதைப் பாடிச் சென்றார்கள். வக்கீல், விவசாயி, மாணவர் என்று கலந்த அந்தக் கூட்டத்துக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பலர் சேர்ந்து பாடும்போது சிலர் சுருதிக்கு மேலேயும் சிலர் கீழேயும் நிற்பார்கள். காது அந்தச் சிதறலின் நடுவைச் சுருதியாக எடுத்துக்கொள்கிறது. சிதறலே கூட்டுக்குரலுக்குக் கனமாகிறது. கெடக்கூடியது சொல்தான். ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக மெய்யெழுத்தை உச்சரித்தால் வரி கலங்கிவிடும். நடை அதைச் சரி செய்கிறது. எல்லாக் கால்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்போது எல்லா வாய்களும் ஒரே அசையில் நிற்கின்றன. கவிஞர் நேரும் நிரையும் அடி வைக்கும் தாளத்தில் விழும்படி, சிறு சொற்களாகக் கோத்தார். பயிலாத குரல்களுக்கென்றே யாத்த கவிதை அது.

எதைச் சேமிக்கிறோம்

இத்தனையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகிறது. பாட்டு வரி தாளில் முழுமையடைவதில்லை. எந்த எழுத்து எவ்வளவு நேரம் நிற்கும், எங்கே மூச்சு முறியும், எந்தச் சொல் உறுத்தும் என்பதையெல்லாம் முடிவு செய்யும் குரலும் அந்தக் கவிதையின் ஆசிரியர்களில் ஒருவர்.

அப்படியானால் நாம் சேமிக்கும் முறையும் மாற வேண்டும். பெர்சி மெக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய நாட்டுப்பாடல்களை கி.வா. ஜகந்நாதன் மலையருவி என்ற பெயரில் பதிப்பித்தார். விலைமதிப்பில்லாத தொகுப்பு அது. ஆனால் அந்த வரிகளைப் பாடியவர்கள் எப்படிப் பாடினார்கள் என்பது அதில் இல்லை. 1965-ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் மானிடவியலாளர் பிரெண்டா பெக், அண்ணன்மார் கதையை உடுக்கையடிப் பாடகர்கள் இரவு இரவாகப் பாடியபடியே ஒலிநாடாவில் பதிந்தார். உடுக்கையின் கயிற்றை அழுத்த அழுத்தச் சுருதி ஏறுவதும், வசனம் பாட்டாக மாறும் நொடியும், விடியும்போது கம்மிப்போன தொண்டையில் கதைத் தலைவர்களான பொன்னர் சங்கரின் வீழ்ச்சி வருவதும் எழுத்தால் பிடிபடாதவை. ஒலிநாடாதான் அவற்றைப் பிடிக்கும்.

இன்று அந்த ஒலிநாடாக் கருவியைவிடத் தெளிவாகப் பதியும் கருவி எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. உடுக்கை அடிப்பவர்களும் ஒப்பாரி சொல்லும் பாட்டிமாரும் கொங்கு நாட்டு ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டு, 'நல்லா வரலீங்க, தொண்டை கட்டிப்போச்சு' என்று அவர்கள் தயங்கினாலும் கட்டிய தொண்டையோடே பாடச் சொல்லிப் பதிந்து வையுங்கள். வரிகளைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். குரலைப் பிறகு எழுதிக்கொள்ள முடியாது.